பயணம் சொல்லிவிட்ட பிறகு

எங்கள் தெருவில் வெளிநாடு கிளம்புகிறவன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் கணக்கில் வராது. செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்து, "அறிஞ்சு அறியாம ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க, துஆ செய்ங்க" என்று கேட்டுக்கொண்டு எழுந்து வர வேண்டும். சொந்த வீடுதான் கடைசி. அங்கே கிளம்புகிற அன்று வாசற்படியில் நின்று அம்மாவிடமும் அத்தாவிடமும் சொல்லிவிட்டு வண்டி ஏற வேண்டும்.

நான் எல்லா வீட்டிலும் சொன்னேன். அந்தக் கடைசி வீடு மட்டும் பாக்கி. அந்தப் பாக்கியோடு நான் போய்ச் சேர்ந்த வெளிநாட்டின் பெயர் சிதம்பரம். கடலூர் முதுநகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். அதாவது, அடுத்தவன் எழுதிய புரோகிராமில் என்ன தப்பு இருக்கிறது என்று நோண்டிப் பார்ப்பது. பிறர் குறையை மட்டுமே பார்த்து மாசச் சம்பளம் வாங்குகிற வேலைகள் உலகத்தில் ரொம்பக் குறைவு. எனக்கு அது பிறவியிலேயே வந்தது என்று அக்கா சொல்வாள். அந்தத் திறமையை நம்பி இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஒரு கம்பெனி எனக்கு ஆஃபர் லெட்டர் அனுப்பியது. விசாவுக்கு நாங்களே ஸ்பான்சர் செய்கிறோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எங்கள் தெருவுக்கு இங்கிலாந்து முழுக்கவே லண்டன்தான். லீட்ஸ் என்று நான் திருத்தியபோது, லண்டனில் அது எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

இங்கே அத்தாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குவைத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராகப் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்த விசா வேறு விசா. அங்கே ஸ்பான்சர் என்பவர் கஃபீல். முதலாளி மனசு வைத்துத் தாள் அனுப்பினால் அதுதான் விசா. தாள் வந்த வாரமே ஆள் ஏறிவிடுவான். ஆகவே ஆஃபர் லெட்டரில் ஸ்பான்சர் என்ற சொல்லைப் பார்த்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடுகிற கூட்டத்தில் நின்று, "தம்பிக்கு விசா வந்துருச்சு" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரியும், இது அப்படியில்லை என்று. இங்கிலாந்தில் கம்பெனி கையைத் தூக்கினால் மட்டும் போதாது. அவர்கள் ஸ்பான்சர் சர்டிபிகேட் எடுக்க வேண்டும், அதை வைத்து நான் விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் அந்த ஊர் அரசாங்கம் மனசு வைக்க வேண்டும். அத்தாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதான் ஸ்பான்சர் இருக்கானே" என்றார். அவர் முகத்தில் அன்றிருந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, சட்டம் பேசுகிறவன் வாயில் மண் விழட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பெனியும் சேர வேண்டிய மாதத்தைச் சொல்லியிருந்தது. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

பயணம் சொல்ல அத்தாவும் கூடவே வந்தார். பாதி வீடுகளில் எனக்குத் தப்பு செய்கிற அளவுக்குப் பழக்கமே கிடையாது. ஆனாலும் மன்னித்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்சாரியில் இருக்கிற மாமா மட்டும் இந்தச் சடங்கை நிஜமென்று எடுத்துக்கொண்டார். சின்ன வயசில் கிரிக்கெட் ஆடி அவர் வீட்டு டியூப்லைட்டை உடைத்தது, அவர் மாடியில் காயப்போட்ட மிளகாயில் பந்தை எடுக்கப் போய் மிதித்தது, எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி, ஒவ்வொன்றாக மன்னித்தார். தெருவுக்கே அவர் மாமாதான். அன்றிலிருந்து எனக்கு மட்டும் டியூப்லைட் மாமா.

காடாம்புலியூரில் இருக்கும் மாமி, அத்தாவின் தங்கை, ஒரு பெரிய முந்திரிப் பொட்டலம் கொடுத்தார். அவர் நாத்தனார் மகன் லண்டனில் இருக்கிறானாம், போகிற வழியில் கொடுத்துவிட வேண்டுமாம். பண்ருட்டியில் பஸ் மாறுகிற மாதிரி சொன்னார். இன்னொரு வீட்டில் ஊறுகாய். இன்னொரு வீட்டில், நல்லவேளையாக, கருவாட்டை மட்டும் அத்தா மறுத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த மெயில் வந்தது. கம்பெனியில் ஆள் சேர்க்கும் பிரிவில் ஒரு பெண், நல்ல மாதிரி. அவர் மெயில் எல்லாம் உடல்நலம் விசாரித்துத்தான் தொடங்கும். உடல்நலம் விசாரித்துவிட்டு எழுதியிருந்தார்: விதி மாறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றிவிட்டது. உங்களுக்குச் சொன்ன சம்பளம் இப்போது அதற்குக் கீழே இருக்கிறது. மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சம்பளம் போதாது என்று என்னைத் தவிர யாரும் அதுவரை கவலைப்பட்டதில்லை. கடல் கடந்து ஒரு அரசாங்கமே கவலைப்பட்டது. அந்தக் கவலையில் என் வேலை ஆடிப்போய் நின்றது. கம்பெனி சம்பளத்தை ஏற்றினால் நான் போகலாம். ஏற்ற மனசில்லை என்றால் நான் முதுநகர்.

பொறுத்துக்கொண்டேன். மாதங்கள் போயின. பெட்டி கட்டினபடி கூடத்தில் இருந்தது, அம்மா அதற்கு மேல் ஒரு துணியை விரித்து மூடினார். அப்படி மூடினதும் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பயணம் சொல்லிவிட்டுப் போகாதவன் தெருவில் நடக்கிறது பெரிய வித்தை. பால் வாங்கப் போனால், "இன்னும் போகலையா?" முடி வெட்டப் போனால், "அங்க போய் வெட்டிக்க மாட்டியா?" தெருமுனை வீட்டு மனிதர் ஒருவர், என்னைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பி வந்து, "லீவுல வந்தியா?" என்று கேட்டார். போகாமலே லீவுக்கு வந்தவன் நான்தான். முதலில் எல்லாவற்றுக்கும் சிரிப்பாக ஒரு பதில் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் பதில் தீர்ந்துவிட்டது, கேள்வி தீரவில்லை.

ஜும்ஆவுக்கு நேரத்தோடு போய் முன் வரிசையில் உட்காருகிற அத்தா, பாங்கு சொன்ன பிறகு மெதுவாகக் கிளம்ப ஆரம்பித்தார். தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தார். கடைசி வரிசையில் நின்றால்தான் அப்படி வர முடியும். அதை நான் கவனித்தேன். குறை பார்ப்பதுதானே தொழில்.

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், அவர்தான் வழி கண்டுபிடித்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் கனடா போய்விட்டார், சிதம்பரத்தில் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி மச்சானிடம் இருக்கிறது.

"மச்சான், நீ கொஞ்ச நாள் கண்ணுல படாம இரு" என்றார். "நாம ஒண்ணும் பொய் சொல்லப்போறதில்ல. போயிட்டானான்னு கேட்டா போயிட்டான்னு சொல்லுவோம். எங்கன்னு கேட்டாதான பிரச்சனை?"

"கேட்டா?"

"லண்டன் போறதா சொன்னவன யாராச்சும் எங்க போனான்னு கேப்பாங்களா?"

மச்சான் செல்போன் கடை வைத்திருக்கிறார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

விடிகிற நேரத்தில் பெட்டியோடு கிளம்பினேன். அத்தா வாசலுக்கு வரவில்லை. வந்தால் அது பயணமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எதிர்சாரியில் டியூப்லைட் மாமா கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "கெளம்பிட்டியா? நல்லபடியா போய்ச் சேரு" என்றார். போய்ச் சேர்ந்தேன். ஏழு மணிக்குச் சிதம்பரம்.

உண்மையிலேயே போய்விட்ட ஒருவனுடைய வீட்டில், போகாத ஒருவன் குடியிருப்பது எப்படி என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சுவரில் அவர் கழற்றி எடுத்துப்போன படங்களின் சதுரங்கள் வெள்ளையாக இருந்தன. ஃபிரிட்ஜ் கதவில் கனடா கொடி ஒட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு நான். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிற ஒப்பந்த வேலை கிடைத்தது. பேச வேண்டிய அவசியமில்லாத வேலை. தப்பைக் கண்டுபிடித்து டைப் அடித்து அனுப்பினால் போதும். மதியம் மூணு மணிக்குத்தான் அன்றைக்கு முதல் வார்த்தை பேசுகிறேன் என்று ஒரு நாள் கவனித்தேன். அதுவும் பல்லியிடம்.

மூணு மணி என்பது சாப்பாட்டு நேரம். கைக்கடிகாரத்தை லீட்ஸ் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தேன், பழகிக்கொள்ளலாம் என்று. அதில் மதியம் ஆகிற வரை தாங்காது, மூணு மணிக்குப் பசி ஜெயித்துவிடும். அந்நேரம் போனால் மெஸ்ஸில் கூட்டு தீர்ந்திருக்கும், ரசம் மட்டும் இருக்கும். பல்கலைக்கழகம் போகிற சாலையில் வீட்டு முன்பக்கத்தில் ஒரு அக்கா நடத்துகிற மெஸ் அது. மாணவர்களுக்கான மெஸ். முதல் வாரம் முழுக்க அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் அங்கங்கே நரை. மதியம் மூணு மணிக்கு வருகிறான். யாருடனும் பேசுவதில்லை. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"அரியர் எழுத வந்திருக்கியா தம்பி?"

நான் என்னத்தைச் சொல்ல? "ஆமாக்கா" என்றேன்.

"எத்தன பேப்பர்?"

"ஒண்ணுதான்க்கா. அதான் கெடைக்க மாட்டேங்குது."

அவருக்கு என் மேல் பாவம் வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு கிண்ணத்தில் கூட்டு எடுத்து மூடி வைத்திருந்தார். முதுநகரில் நான் லண்டன்காரன். சிதம்பரத்தில் வயசு போன அரியர் மாணவன். நான் நானாக இருந்த ஒரே இடம் லீட்ஸ் கம்பெனியின் கோப்புதான், அங்கேயும் நிலுவையில்.

மச்சான் ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறை பைக்கில் வந்து அம்மா கொடுத்த குழம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் கடை வேலை ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை இங்கேயும் பள்ளிவாசலுக்குப் போவேன், கடைசி வரிசை. கடலூர்க்காரர் யாராவது கல்யாணத்துக்கு வந்திருந்தால் மாட்டிக்கொள்வேனே. அத்தா அங்கே கடைசி வரிசை, நான் இங்கே கடைசி வரிசை. சலாம் கொடுத்து முடித்ததும் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் செருப்பைத் தேடி ஓடியிருப்போம். அதை நினைத்து ஒரு நாள் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

நோன்புப் பெருநாள் வந்தது. காலையில் தொழுதுவிட்டு வந்து, யாரும் கட்டிப்பிடிக்காத புதுச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெஸ்ஸும் அன்றைக்கு லீவு. பதினொரு மணிக்கு அத்தா எண்ணிலிருந்து வீடியோ கால். எடுத்தால் திரையில் டியூப்லைட் மாமா. வீட்டுக்குப் பெருநாள் பார்க்க வந்தவர், பையனிடம் பேச வேண்டும் என்று போனைக் கேட்டு வாங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் அத்தாவின் பாதி முகம்.

மின்விசிறி சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுந்து நிறுத்தினேன். பங்குனி வெயில். ஒரே நிமிஷத்தில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"அங்க குளிரா?" என்றார் மாமா.

நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. "இல்ல மாமா, இன்னைக்குப் பரவால்ல" என்றேன்.

அப்போதுதான் தெருவில் அந்த மூன்று சக்கர வண்டி வந்தது, ஒலிபெருக்கியோடு. பழைய இரும்பு, பிளாஸ்டிக் சாமான், ஓடாத மிக்சி, கிரைண்டர் எடுக்கிறோம் என்று வீட்டு வாசலிலேயே நின்று கூவியது. ஜன்னலைச் சாத்த எழுந்தால் போன் ஆடும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார். கேட்டுவிட்டு அத்தா பக்கம் திரும்பி, "அங்கயும் நம்ம ஆளுங்க ஜாஸ்தி போலருக்கே" என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை.

போனை வாங்கிக்கொண்டு அவர் அடுப்படிப் பக்கம் போனார். திரையில் கூரையும் அவர் தாடியும் ஆடி ஆடி வந்தன. நின்ற பிறகு, வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"சாப்டியா?"

"சாப்டேன் அத்தா."

"ஃபேனைப் போட்டுக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவரே சிதம்பரம் வந்தார். அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் வெள்ளைச் சதுரங்களைப் பார்த்தார், கனடா கொடியைப் பார்த்தார், ஒற்றை நாற்காலியில் நான் உட்காரச் சொல்லியும் தரையில் உட்கார்ந்தார். கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். தலையாட்டினார். அப்புறம் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். காடாம்புலியூர் மாமி கொடுத்த முந்திரியை வெளியே எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். வண்டு வைத்திருந்தது. பையிலிருந்து அதே அளவில் ஒரு புதுப் பொட்டலத்தை எடுத்து, பழையது இருந்த இடத்தில், அதே மூலையில், சட்டைகளுக்கு நடுவில் செருகினார்.

"அந்தப் புள்ளைக்குப் பழசக் குடுக்காத" என்றார். பெட்டியை மூடிவிட்டு, கொஞ்சம் கழித்து, "போகலன்னா என்ன, நாமளே சாப்ட்டுக்கலாம். வீட்டுக்கு வந்துரு. தெருவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையிலிருந்துதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். அத்தா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பஸ் திரும்புகிற வரை எதிர்ப்பக்கமே பார்த்தார். முந்திரி கெடுவதற்குள் முடிவு வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடுவது என்று அன்று தீர்மானித்தேன். தன் வாழ்க்கையை வண்டுகள் முடிவு செய்யட்டும் என்று விட்ட முதல் ஆளும் நான்தான்.

வண்டுகள் தோற்றன. உடல்நலம் விசாரித்து ஒரு மெயில் வந்தது. மேலிடம் சம்மதித்துவிட்டதாம். சம்பளத்தை விதிக்குத் தக்கபடி ஏற்ற ஒரு காரணம் வேண்டுமே, அதனால் என்னை சீனியர் டெஸ்டர் ஆக்கிவிட்டார்களாம். ஸ்பான்சர் சர்டிபிகேட் எண்ணும் கூடவே இருந்தது. ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் பதவி உயர்வு வாங்கியவன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் பல்லியைத் தவிர யாரும் இல்லை. அதனிடம் சொன்னேன். அப்புறம் சென்னைக்குப் போய்க் காசநோய் இல்லை என்று படம் எடுத்து, கைரேகை கொடுத்து, திரும்பி வந்து காத்திருந்தேன். இந்தத் தடவை பாஸ்போர்ட்டிலேயே ஒட்டி நிஜ விசா வந்தது. அத்தாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "யார்ட்டயும் சொல்லல" என்று மச்சான் மூலமாகப் பதில் வந்தது.

சொல்லவும் முடியாதே. எங்கள் தெருவில் ஒருவன் பயணம் போனால் வேன் வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் வரைக்கும் கூட்டம் போகும். ஏற்கெனவே போய்விட்டவனை எப்படி வழியனுப்புவது? அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாலும் தெருவே எங்கே என்று கேட்கும். கடைசியில் இப்படி முடிவாயிற்று. நான் சிதம்பரத்தில் பகல் ரயிலில் ஏறுவது. அந்த ரயில் முதுநகர் வழியாகத்தான் சென்னை போகிறது. அங்கே அத்தா ஏறிக்கொண்டு, பண்ருட்டி வரைக்கும் கூட வந்து இறங்கிக்கொள்வது. வாசற்படியில் சொல்ல வேண்டியதை ரயிலில் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவுக்கும் சேர்த்து.

கிளம்புகிற அன்று மெஸ்ஸுக்குப் போய் அக்காவிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன்.

"ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"பாஸா?"

"பாஸுக்கா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "போதும். இனிமே படிக்கறேன் கிடிக்கறேன்னு வராத. ஏதாச்சும் ஒரு வேலையப் பாரு" என்றார். என் நிஜப் பயணத்துக்குக் கிடைத்த ஒரே துஆ அது. அறிஞ்சு அறியாம தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க என்று அவரிடம் சொன்னேன். இந்தப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. மூணு மணிக்குச் சாப்பிட வந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல போ" என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் என்று அத்தாவுக்குச் சொல்லியிருந்தேன். முதுநகர் வந்து வண்டி நின்றபோது அவர் சரியாக என் ஜன்னலுக்கு நேரே, டீக்கடைப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் டிக்கெட் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது அவர் தோளில் ஒரு கை விழுந்தது. டியூப்லைட் மாமா. யாரையோ கூப்பிட வந்திருக்கிறார், அந்த ஆள் வேறு பெட்டியில் இருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறான் போல. நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஜன்னல் திறந்திருந்ததால் குரல் மட்டும் கேட்டது.

"யார ஏத்திவிட வந்தீங்க பாய்?"

முதலில், அத்தா கடைக்காரரிடம் ஒரு டீ கேட்டது காதில் விழுந்தது.

"யாருமில்ல" என்றார் அத்தா. "சும்மா, டீ குடிக்கலாம்னு."

"வாங்க, நானும் ஒண்ணு குடிக்கிறேன்."

வண்டி நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன். மாமா கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தா கையில் ஏற்கெனவே ஒரு டீ. ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் ஜன்னல் தாண்டும்போது அந்தக் கிளாஸை நெஞ்சுக்கு நேராகக் கொஞ்சம் உயர்த்தினார். அவ்வளவுதான். மற்றவர் பார்த்தால் ஆற்றுகிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பண்ருட்டி வருவதற்கு முன் போன் அடித்தது.

"ஏற முடியல தம்பி."

"பாத்தேன் அத்தா."

"முந்திரிய வச்சிருக்கல்ல?"

"இருக்கு."

நான் ஆரம்பித்தேன். "அத்தா, அறிஞ்சு அறியாம ஏதாச்சும்..."

"போன்ல சொல்லாத" என்று வெடுக்கென்று நிறுத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "திரும்பி வருவல்ல, அப்ப வந்து சொல்லு" என்றார். பின்னால் யாரோ இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்கிற சத்தம். "அவரு இன்னும் இங்கதான் நிக்கிறாரு. வச்சர்றேன்."